ஓகே: பிறந்த கதையும் பேச்சில் செய்யும் வேலையும்

ஓகே என்ற சொல் 1839-இல் அச்சேறியது. ஓராண்டு முடிந்த கையோடு அதன் பிறப்பைப் பற்றிய முதல் கட்டுக்கதையும் நாளேட்டில் வந்துவிட்டது. அன்று தொடங்கிய உரிமைப் போட்டி இன்றும் ஓயவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மொழி, மேற்கு ஆப்பிரிக்க மொழிகள், ஸ்காட்லாந்து வழக்கு, கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், பின்னிஷ் எனப் பல திசைகளிலிருந்து மூலச்சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் வேறு எந்தச் சிறுசொல்லும் இவ்வளவு பெற்றோரைச் சம்பாதித்திருக்குமா என்பது ஐயமே.

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. பேச்சில் அது என்ன வேலை செய்கிறது, ஏற்கெனவே தக்க சொல் வைத்திருந்த மொழிகளும் அதை ஏன் வரவேற்றன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கே காலமெல்லாம் மை செலவாகியிருக்கிறது. கனம் கூடியது இரண்டாவதுதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பாஸ்டனின் எழுத்து விளையாட்டு

இன்று பெரும்பாலான அகராதியாளர்கள் ஏற்கும் விளக்கம், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் தேடித் தந்தது. 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் 1963, 1964 ஆண்டுகளில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள், அதுவரை ஊகமாக நடந்த வாதத்தைப் பழைய நாளேடுகளின் பக்கங்களுக்கு இழுத்து வந்தன.

அவர் காட்டிய முதல் சான்று 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட். மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழுவின் பயணத்தைப் பற்றிய குறும்புக் குறிப்பு அது. அதில் ஓ, கே என்ற இரண்டு எழுத்துகள் புள்ளியிட்டு வருகின்றன. பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி', என்று விளக்கமும் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி அந்தத் தொடரின் முதலெழுத்துகள் ஏ, சி என்று இருக்க வேண்டும். ஒலிக்கிறபடியே எழுதத் தெரிந்த அரைகுறைப் படிப்பாளி ஒருவன் எழுதினால் ஓ, கே என்று ஆகும். அந்தப் பிழைதான் நகைச்சுவை.

ரீட் இந்த ஒரு சான்றோடு நின்றிருந்தால் அதுவும் ஓர் ஊகமாகவே இருந்திருக்கும். அவர் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது சுற்றுப்புறம். 1838-இலிருந்தே பாஸ்டன் பத்திரிகையாளர்களிடையே முதலெழுத்துச் சுருக்கங்கள் ஒரு மோகமாகப் பரவியிருந்தன. 'ஆல் ரைட்' என்பதை ஓ, டபிள்யூ என்றும், 'நோ கோ' என்பதை கே, ஜி என்றும் வேண்டுமென்றே பிழைபட எழுதிச் சுருக்கினார்கள். கடனில் மூழ்கி ஊரைவிட்டு ஓடியவனைக் குறிக்க 'டெக்சாஸ் போய்விட்டான்' என்ற தொடரின் ஆங்கில முதலெழுத்துகள் போதும். இந்தக் கூட்டத்தில் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஓகே புதிராகத் தெரியாமல் இயல்பாகத் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான விளையாட்டல்ல. 'ஒரு கல் ஒரு கண்ணாடி' 2012-இல் வெளிவந்தபோது அதன் பெயர் ரோமன் முதலெழுத்துகளாகச் சுருங்கி 'ஓகே ஓகே' ஆனது. 2015-இல் 'ஓ காதல் கண்மணி' அதே வழியில் 'ஓகே கண்மணி' ஆனது. ஒரு மொழியின் தொடரை இன்னொரு எழுத்தில் சுருக்கி, கிடைத்த சுருக்கத்தில் வேறொரு சொல் ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழும் மனம்தான் அன்று பாஸ்டனிலும் வேலை செய்தது.

கிண்டர்ஹுக்கும் ஜாக்சனும்

அந்த மோகத்தில் பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மடிந்தன. ஓகே மட்டும் பிழைத்ததற்கு 1840-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலைக் காரணமாகக் காட்டுவது இரண்டாவது நிலைப்பாடு. மறுமுறை போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் ஊரில் பிறந்தவர். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற அவருடைய செல்லப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ஓகே மன்றம் அமைத்தனர். எதிரணியான விக் கட்சியினர் அதே எழுத்துகளுக்குக் காசில்லை, கடன்வாங்கும் மதிப்பில்லை என்று பிழை மலிந்த புது விரிவுகள் கட்டிப் பதிலடி கொடுத்தனர். தேர்தலில் வென்றது ஹாரிசன். வான் பியூரன் தோற்றார். சொல் நாடெங்கும் பரவியது.

வான் பியூரனின் பெயரிலிருந்துதான் சொல்லே பிறந்தது என்று 1941-இல் எழுதியவரும் இதே ரீட்தான். அதற்கும் முந்திய பாஸ்டன் சான்றுகள் கிடைத்தபின் தம் முடிபை அவரே திருத்திக்கொண்டார். ஆய்வாளர் ஒருவர் தம் பழைய கருத்தை இப்படி வெளிப்படையாகக் கைவிடுவதை இத்துறையில் அதிகம் பார்க்க முடியாது.

மேலே சொன்ன முதல் கட்டுக்கதையும் இந்தத் தேர்தலில்தான் பிறந்தது. வான் பியூரனுக்கு முன் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் ஒப்புதலாக 'ஆல் கரெக்ட்' என்பதைப் பிழையாகச் சுருக்கி எழுதினார் என்று 1840-இல் நியூயார்க் நாளேடு ஒன்று எழுதியது. ஜாக்சன் அப்படி எழுதிய தாள் எதுவும் கிடைத்ததில்லை. 1790-ஆம் ஆண்டு டென்னசி நீதிமன்றப் பதிவேட்டில் இந்த எழுத்துகள் இருப்பதாகப் பின்னர் சொல்லப்பட்டது. பதிவேட்டைப் பார்த்தவர்கள் அவை ஓ, ஆர், அதாவது 'பதிவு செய்ய உத்தரவு' என்பதன் சுருக்கம் என்று கண்டனர். ஆனாலும் அந்தப் பொய் ஒரு மெய்யான பழக்கத்தை உண்டாக்கியிருக்கலாம். அதன்பின் எழுத்தர்களும் வணிகர்களும் தாள்களில் ஓகே என்று குறிக்கத் தொடங்கினார்கள் என்கிறார் ஆலன் மெட்காஃப். 2010-இல் வெளிவந்த அவருடைய நூல் இச்சொல்லின் வரலாற்றை முழுமையாகச் சொல்வது.

சாக்டா மொழியின் உரிமை

அமெரிக்கத் தென்கிழக்கில் வாழ்ந்த சாக்டா மக்களின் மொழியில், 'அது அப்படியே' என்ற பொருளில் வாக்கியத்தை உறுதிப்படுத்தி முடிக்கும் 'ஓகே' போன்ற ஒலியுள்ள சொல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மதப்பணியாளர்கள் அச்சிட்ட சாக்டா நூல்களில் அது பதிவாகியுள்ளது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வரும் மூலச்சொல் வேறில்லை. வெப்ஸ்டர் அகராதியே ஒரு காலத்தில் இதைத்தான் ஏற்றிருந்தது. அதிபர் உட்ரோ வில்சன் கோப்புகளில் ஒப்புதல் தரும்போது இரண்டு எழுத்துச் சுருக்கத்தைத் தவிர்த்து, சாக்டா ஒலிப்புக்கேற்ற நான்கெழுத்து வடிவத்தையே எழுதினார்.

இந்நிலைப்பாட்டின் பலவீனம் நடு இணைப்பில் இருக்கிறது. 1839-க்கு முன் ஆங்கிலம் பேசியவர்கள் இச்சொல்லைச் சாக்டா மக்களிடமிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் எழுத்துச் சான்று வந்து சேரவில்லை. தென்பகுதிப் பழங்குடிகளிடையே வழங்கிய மொபிலியன் வணிக மொழி வழியே பரவியிருக்கலாம் என்பது நடக்கக்கூடியதே. ஆனால் அப்படிப் பரவிய சொல் தெற்கில் முதலில் தலைகாட்டியிருக்க வேண்டும். கிடைக்கும் முதல் சான்றுகளோ வடகிழக்கில், புள்ளி வைத்த சுருக்கமாக, விரிவையும் கையோடு கொண்டு வருகின்றன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1830-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் சாக்டா மக்கள் தங்கள் நிலத்திலிருந்து மிசிசிப்பிக்கு மேற்கே பெயர்க்கப்பட்டனர். அப்படிச் சிதறடிக்கப்பட்ட மக்களிடம் போய்ச் சான்று எங்கே என்று கேட்பது எளிது. அவர்கள் பேச்சை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே.

மேற்கு ஆப்பிரிக்கக் குரல்

இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுவது ஆப்பிரிக்க நிலைப்பாட்டில். 1960-களின் இறுதியில் பிரிட்டிஷ் மொழியியலாளர் டேவிட் டால்பி, வொலோஃப் மொழியில் ஆமாம் என்பதை அழுத்திச் சொல்லும் 'வாவ் கே' போன்ற தொடர்களையும், மாண்டே மொழிகளில் உள்ள நிகரான வழக்குகளையும் எடுத்துக்காட்டினார். அட்லாண்டிக் கடல் தாண்டி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இவற்றைத் தங்கள் நாவில் சுமந்து வந்தார்கள், ஆங்கிலத்தில் அவை கலந்தன என்பது அவர் வாதம். 1784-இல் அச்சான ஒரு பயண நூலில், கரோலினாப் பகுதியில் அடிமையாக இருந்த ஒருவர் எசமானுக்குச் சொல்லும் பதில் 'கே' என்ற ஒலியோடு தொடங்குவது இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது.

ரீட் இதை ஏற்கவில்லை. தனித்த 'கே' ஓர் உணர்ச்சி ஒலியாகவும் இருக்கலாம். அதற்கும் பாஸ்டன் சுருக்கத்துக்கும் இடையே 55 ஆண்டு இடைவெளியை நிரப்பும் தொடர்ச்சி வேண்டும். சொற்பிறப்பியலின் வழக்கமான அளவுகோலில் இந்த மறுப்பு சரியானது. ஆனால் அந்த அளவுகோலையே ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அச்சில் முதலில் வந்தது எது என்று கேட்கும் முறை, அச்சகம் யார் கையில் இருந்ததோ அவர்கள் பக்கம் சாய்ந்தது. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம் எழுத்துச் சான்று கேட்பது ஒருதலைப்பட்சமானது என்ற டால்பி தரப்பின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் அவர் முடிபை மெய்ப்பித்துவிடாது என்பதும் உண்மை. சான்று இல்லாமைக்குக் காரணம் சொல்வது வேறு, சான்று காட்டுவது வேறு. நடுவழி ஒன்று உண்டு. சுருக்கம் பாஸ்டனில் பிறந்திருக்கலாம். ஏறத்தாழ அதே ஒலியில் அதே பொருளைத் தரும் சொற்கள் தெற்கில் புழங்கியதால் அங்கே அது தங்குதடையின்றிக் கலந்திருக்கலாம். இந்த இணைப்பை யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஒதுக்கித் தள்ளவும் போதிய காரணமில்லை.

ஒலி ஒத்த மற்றவை

எஞ்சிய கூற்றுகளை விரைவாகக் கடக்கலாம். ஸ்காட்லாந்தின் 'ஓக் ஐ', கிரேக்கத்தின் 'ஓலா கலா', பின்னிஷின் 'ஓய்கேயா', ஹைத்தித் துறைமுகமான லே கேயின் ரம், பிஸ்கட் வணிகர் ஒருவரின் பெயர், சரக்குச் சீட்டில் முதலெழுத்திட்ட ரயில் எழுத்தர் ஒருவரின் பெயர் என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் ஒலி ஒப்புமையோடு நின்றுவிடுகின்றன. கிரேக்கத் தொடரின் பொருளும் 'எல்லாம் நலம்' என்று வருவது அழகான தற்செயல். தந்தி இயக்குநர்கள் உருவாக்கிய குறி என்ற கூற்று காலத்தால் அடிபடுகிறது. மோர்ஸ் தம் தந்தித் தடத்தை வாஷிங்டனில் இயக்கிக் காட்டியது 1844-இல். சொல்லுக்கு அப்போதே ஐந்து வயது. சொல்லைப் பெற்றது தந்தியல்ல, வளர்த்தது எனலாம்: செய்தி கிடைத்தது என்பதைச் சில தட்டுகளில் தெரிவிக்க இதைவிடக் கச்சிதமான குறி இல்லை.

1815-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில் இந்த இரண்டு எழுத்துகள் வருவதைச் சிலர் இன்னும் எடுத்துக்காட்டுகிறார்கள். கையெழுத்துப் படியின் அந்த இடம் அடித்தல் திருத்தலோடு இருப்பதால், முடிக்காமல் விட்ட வேறு சொல்லாக இருக்கலாம் என்பதே பொதுக் கருத்து.

பாராட்டாத சம்மதம்

இனி இரண்டாவது கேள்வி. ஓகே என்பதன் பொருள்தான் என்ன?

மெட்காஃப் தரும் விடை சுருக்கமானது: ஓகே உறுதிசெய்யும், மதிப்பிடாது. விழுந்து எழுந்தவரிடம் 'ஓகேவா?' என்று கேட்டால், அடிபடவில்லையே என்பதுதான் கேள்வி. சுகமாக இருக்கிறீர்களா என்பதல்ல. சாப்பாடு ஓகே என்றால் சாப்பிடலாம் என்று பொருள். வண்டி ஓகே என்றால் ஓடும். ஒரு குறைந்தபட்சக் கோட்டைத் தாண்டியாயிற்று என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பொறியாளர்களும் விமானிகளும் கணினி வடிவமைத்தவர்களும் இச்சொல்லை விரும்பியதற்கு இந்த நடுநிலைமை காரணமாகலாம். ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லீசா கணினியின் சோதனைக் கட்டத்தில், உறுதிப் பொத்தானில் 'டூ இட்' என்று எழுதியிருந்தார்களாம். எழுத்துருவின் நெருக்கத்தில் அது 'டோல்ட்', அதாவது முட்டாள் என்று படிக்கப்பட்டதால், ஓகே என்று மாற்றினார்கள். அதன்பின் வந்த கணினித் திரைகளில் பயனர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அழுத்த வேண்டியது அந்தப் பொத்தானே. விருப்பம் இல்லாத சம்மதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

இந்த விளக்கத்தில் ஓட்டையும் உண்டு. வகுப்பில் நுழைந்த ஆசிரியர் 'ஓகே, புத்தகத்தை எடுங்க' என்று தொடங்கும்போது எதை உறுதிசெய்கிறார்? யாரும் எதுவும் கேட்கவில்லையே. மையப்பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பயன்பாட்டை விளக்க முடிவதில்லை.

உரையாடலின் திருப்பத்தில்

அங்கேதான் உரையாடல் பகுப்பாய்வு நுழைகிறது. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் இருவரும் 1973-இல் தொலைபேசிப் பேச்சு எப்படி முடிகிறது என்று ஆராய்ந்தனர். பேச்சு தானாக முடிவதில்லை. புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்று இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் 'ஓகே' என்று தன் முறையைக் கழிக்கிறார், மற்றவரும் 'ஓகே' என்கிறார், அதன்பிறகுதான் விடைபெற முடிகிறது. நம் வீட்டுப் பேச்சிலும் இதே ஏற்பாடு உண்டு. 'சரி...' என்று ஒருவர் இழுப்பார். எதிர்முனை 'அப்புறம்?' என்றால் பேச்சு மறுபடி திறக்கும். 'சரி, வெச்சிடவா?' என்றால் மூடும்.

வேய்ன் பீச் 1993-இல் இதை விரித்தார். ஓகே ஒரே நேரத்தில் பின்னும் முன்னும் பார்க்கிறது: சொன்னதைப் பெற்றுக்கொண்டேன், அடுத்ததற்குப் போகலாம். மருத்துவர் நோயாளியின் விடையைக் கேட்டு 'ஓகே' என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போவதில் இரண்டும் இருக்கின்றன. ஆசிரியரின் 'ஓகே'யும் இப்படித்தான் விளங்குகிறது: அதுவரை இருந்த சலசலப்பை மூடி, பாடத்தைத் திறக்கிறது. பல மொழிகளில் இச்சொல்லின் நடமாட்டத்தை ஒப்பிடும் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2021-இல் வந்தது. குரலின் ஏற்ற இறக்கமும், உரையாடலில் அது விழும் இடமும் வேலையைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் பொதுத்திசை.

இந்த அணுகுமுறை 'படம் ஓகே' என்ற பெயரடைப் பயனை எட்டிப் பார்ப்பதில்லை. மையப்பொருள் வாதம் சொல்லைத் தனியே எடுத்து வைக்கிறது. உரையாடல் வாதம் இடத்தை மட்டும் பார்க்கிறது. போதுமான அளவு ஆயிற்று என்ற பொருள் இரண்டையும் இணைக்கக்கூடும். சாப்பாடு போதுமான அளவு நன்றாயிருக்கிறது, இந்தப் பேச்சு போதுமான அளவு நடந்துவிட்டது. இது ஒரு முன்மொழிவே. தரவு கொண்டு சோதிக்க வேண்டியது.

சரி இருக்க ஓகே ஏன்?

1839-இல் தரப்பட்ட விரிவு தமிழில் 'எல்லாம் சரி' என்பதே. அப்படியிருந்தும் சரி என்ற சொல் கையில் உள்ள தமிழ், ஓகேயை ஏன் எடுத்துக்கொண்டது? ஆங்கில மோகம் என்ற விடை முழுமையாகத் தோன்றவில்லை. மோகம் என்றால் 'எஸ்' என்பதும் ஆமாமைத் தள்ளியிருக்க வேண்டும். தமிழகத்தில் ஆமாமும் இலங்கையில் ஓமும் அசையாமல் நிற்கின்றன.

தமிழில் இந்த வேலைகள் பல சொற்களிடம் பிரிந்திருந்தன. சம்மதத்துக்குச் சரி, பணிவான இசைவுக்கு ஆகட்டும், சுமாரான தரத்துக்குப் பரவாயில்லை, கைகூடியதற்குப் படிந்தது அல்லது கூடிவந்தது. 'படம் சரி' என்று யாரும் சொல்வதில்லை. 'படம் பரவாயில்லை' என்பார்கள். இன்று 'படம் ஓகே', 'எனக்கு ஓகே', 'வரன் ஓகே ஆயிடுச்சு', 'லோன் ஓகே பண்ணிட்டாங்க', 'ஷாட் ஓகே' என்று எல்லா இடத்திலும் ஒரே சொல் உட்கார்ந்திருக்கிறது. பரவாயில்லையில் உள்ள 'பரவா'கூடப் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்ததுதான். ஆக, இந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வருவது புதிதல்ல.

ஒலியும் துணை நின்றது. ஓ என்பது 'ஓ, அப்படியா?' என்று நம் வாயில் எப்போதும் இருப்பது. ககரத்தில் ஒரு சிக்கல் உண்டு. உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ககரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும் என்பது மரபு. வல்லொலியைக் காக்க நாக்கு அதை இரட்டிக்கிறது. அதனால்தான் பலர் 'ஓக்கே' என்று சொல்கிறார்கள், சிலர் அப்படியே எழுதுகிறார்கள். சொல் தமிழ்ச் செவிக்கு இணங்கிவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம். மரியாதைக்கு 'ஓகேங்க', கேள்விக்கு 'ஓகேவா', வினையாக்க 'ஓகே பண்ணு' என்று உள்ளூர் ஒட்டுகளையும் அது தடையின்றி ஏற்கிறது.

உறவு நிலையும் ஒரு காரணமாகலாம். வயதோ பதவியோ தெளிவில்லாத ஒருவரிடம் வெறும் 'சரி' சற்று வெடுக்கென்று விழும். 'சரிங்க' பணிவைச் சேர்க்கும். 'ஆகட்டும்' ஏவலுக்கு உட்பட்டவர் பேச்சாகத் தோன்றும். ஓகே இந்தப் படிநிலையில் எங்கும் நிற்காமல் நழுவுகிறது. அலுவலகத்திலும் குறுஞ்செய்தியிலும் அது செழிப்பதை இதனால் விளக்கலாம். ஆனால் அந்த நடுநிலையும் நிலையானதாகத் தெரியவில்லை: குறுஞ்செய்தியில் 'கே' என்று ஒற்றை எழுத்தாய் வந்தால் அனுப்பியவர் கோபமாக இருக்கிறார் என்று படிக்கிறார்கள்.

தீராதவை

பிறப்பைப் பொறுத்தவரை, 1839 பாஸ்டன் விளக்கம் இப்போதைக்கு வலுவானது. நாளேடுகள் மேன்மேலும் எண்ணிம வடிவில் தேடத்தக்கதாகும்போது தேதி பின்னுக்கு நகரலாம். சுருக்க மோகத்தின் பின்னணி ஆட்டம் காண வாய்ப்புக் குறைவு. ஆப்பிரிக்க, சாக்டா சொற்கள் பரவலுக்குத் துணைபுரிந்தனவா என்ற கேள்விக்கு எழுத்து மட்டும் விடை தராது. கிரியோல் மொழிகளையும் வாய்மொழிப் பதிவுகளையும் அறிந்தவர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

பிழைத்ததற்குத் தேர்தல்தான் காரணமா என்பதும் உறுதியில்லை. தேர்தல் இல்லாதிருந்தால் ஓகே மடிந்திருக்கும் என்ற கூற்றைச் சோதிக்க இன்னொரு வரலாறு நம்மிடம் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் செய்ய வேண்டியது அதிகம். சரி எங்கே நிலைக்கிறது, ஓகே எங்கே இடம்பிடிக்கிறது, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் அந்த எல்லைக்கோடு ஒன்றுதானா என்பதைப் பதிவுசெய்த இயல்பான பேச்சை வைத்துத்தான் சொல்ல முடியும். மேலே தந்த விளக்கங்கள் அத்தகைய பதிவுகள் முன் நிற்குமா என்பது பார்க்கப்பட வேண்டியது. பேச்சை முடிக்கும் இடத்தில் பலர் 'ஓகே, சரி' என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள் என்றால் இரண்டு எதற்கு என்பதிலிருந்து அந்த ஆய்வைத் தொடங்கலாம்.